பட்டிழையும் பெயரும்: சீனப் பூத்தையல் புதுமை கண்ட வரலாறு

நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சீனர் வீடொன்றில் திருமணமோ புதுமனை புகுவிழாவோ நிகழும்போது, வாயிலின்மேல் சிவப்புத் துணியொன்று கட்டப்படுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். அதில் எட்டு உருவங்கள் பொன்னிற நூலால் தைக்கப்பட்டிருக்கும். தாவோ மரபு போற்றும் எட்டு அமரர்கள் அவர்கள். இன்று கடைகளில் கிடைக்கும் துணிகளில் பெரும்பாலானவை இயந்திரம் தைத்தவை, விலையும் குறைவு. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், 1904ஆம் ஆண்டில், சூசோ நகரத்துப் பெண்ணொருவர் இதே எட்டு அமரர்களைப் பட்டில் தைத்துப் பெய்ஜிங் அரண்மனைக்கு அனுப்பினார். பேரரசி சீஷியின் எழுபதாம் பிறந்தநாளுக்கான காணிக்கை அது. அதற்குக் கைம்மாறாக அப்பெண்ணுக்கு அரண்மனையிலிருந்து ஒரு பெயர் வந்தது. அப்பெயரைப் பின்தொடர்ந்து செல்வதே இவ்வுரையின் நோக்கம்.

மொழியியல் பயின்ற ஒருவருக்குத் தையலில் என்ன வேலை என்று மாணவர்கள் கேட்கக்கூடும். கைத்தொழில்களின் சொற்களைத் தொகுப்பதில் நாம் நெடுங்காலம் செலவிட்டிருக்கிறோம். ஒரு தொழிலுக்குள் என்ன நடக்கிறது என்பதை அதன் கருவிகளைவிட அதன் சொற்கள் விரைவில் காட்டிக்கொடுக்கும் என்பது எம் பட்டறிவு. தமிழில் இக்கலையைப் பூத்தையல் என்றும் பூவேலை என்றும் சித்திரத்தையல் என்றும் வழங்குகிறோம்; பேச்சில் ‘எம்பிராய்டரி’ என்பதே நிலைத்துவிட்டது. தையல் என்னும் சொல் தைக்கும் தொழிலைச் சுட்டும். பழைய இலக்கிய வழக்கில் பெண்ணையும் சுட்டும். இவ்விரு பொருளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று நிறுவ நாம் முற்படவில்லை. ஆயினும் தமிழ் மாணவர் எவரும் இந்த ஒற்றுமையைக் கடந்து செல்ல இயலாது. சீன மொழியிலோ பெண், பணி எனும் இரு சொற்களைச் சேர்த்தே நூற்றல், நெய்தல், தைத்தல் அனைத்துக்கும் ‘நூகோங்’ என்று பெயரிட்டுவிட்டார்கள். பூத்தையலுக்கு உரிய சொல் ‘ஷியூ’. அதன் எழுத்துருவின் இடப்பக்கம் பட்டிழையைக் குறிக்கும் உறுப்பு. நாட்டின் எழிலைப் புகழும்போது சரிகைப்பட்டும் பூத்தையலும் போன்ற மலைகளும் ஆறுகளும் என்பார்கள். தோற்றத்தில் பொலிவும் உள்ளே வெறுமையும் உள்ளவரைப் பூத்தையல் தலையணை என்று எள்ளுவார்கள். மேலே மலர்கள், உள்ளே வைக்கோல்.

இக்கலையின் தொன்மைக்குச் சான்றுகள் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவை. 1982இல் ஹூபெய் மாநிலத்து மாஷான் என்னுமிடத்தில் திறக்கப்பட்ட கல்லறையில், சூ நாட்டைச் சேர்ந்த பட்டாடைகள் பல பூத்தையலோடு கிடைத்தன. கிறித்துவுக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கும் முற்பட்டவை அவை. தையல் முழுவதும் சங்கிலித் தையல். அதற்குப் பத்தாண்டு முன்னர், 1972இல், ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா நகருக்கு அருகே மவாங்துய்யில் திறக்கப்பட்ட முதற் கல்லறை மொழியியலாளருக்கு இன்னும் சுவையானது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் மறைந்த சீமாட்டி ஒருவரின் கல்லறை அது. உள்ளே வைக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் 312 மூங்கிற் சீவல்களில் மையால் எழுதப்பட்டிருந்தது. அப்பட்டியல் பூத்தையல் வகைகளைப் பெயர் சொல்லியே குறிக்கிறது: நெடுவாழ்வுத் தையல், முகிலேறும் தையல், பருவந்தவறாத் தையல். மூன்றாவது பெயர், குறித்த காலத்தில் தவறாமல் திரும்பிவரும் தகைவிலான்போன்ற சிறு பறவைகளை நினைத்து இடப்பட்டதென அறிஞர் விளக்குவர். துணியோடு அதன் பெயரும் ஈராயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்து, இரண்டும் ஒன்றாய் வெளிவந்தமை அரிய பேறு. தைத்தவர்களின் பெயர்தான் அப்பட்டியலில் இல்லை.

தைத்தவரின் பெயர் தெளிவாகத் தெரிவது மிகவும் பிற்காலத்தில். மிங் அரச மரபின் இறுதியில் ஷாங்ஹாயில் கூ என்னும் குடும்பத்தார் ஒரு பூங்கா மாளிகையில் வாழ்ந்தனர். அவ்வீட்டுப் பெண்கள் பட்டிழையை மயிரினும் மெல்லியதாகப் பிரித்து, சோங், யுவான் காலத்து ஓவியங்களைத் தையலில் பெயர்த்தனர். அவர்களுள் தலைசிறந்தவர் அவ்வீட்டு மருமகள் ஹான் ஷிமெங். 1634இல் அவர் முடித்த எட்டு ஏடுகள் கொண்ட தொகுதி இன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்காலத்துப் பேரறிஞரும் ஓவியருமான டோங் சிச்சாங் அதற்குப் பாராட்டுரைகள் எழுதினார். கடுங்குளிரிலும் புழுக்கத்திலும் மழை இருண்ட நாளிலும் தம் மனைவி ஊசியைத் தொடமாட்டார் என்று கணவர் ஒரு குறிப்பு எழுதி இணைத்தார். ஹான் ஷிமெங்கின் வேலைமுறைபற்றி நாம் அறிவனவெல்லாம் இவ்வாறு ஆடவர் எழுத்தின் வழியே வந்தவை. அப்பாணிக்கு நிலைத்த பெயரும் கணவர் குடும்பத்தின் பெயரே: கூ பூத்தையல்.

சூசோவுக்கு வருவோம். அங்கு 1874இல் பிறந்த ஷென் யுன்ஜி சிறு வயதிலேயே தையலில் பெயர்பெற்றவர். கணவர் யூ ஜுவே படித்தவர், ஓவியம் அறிந்தவர். 1904இல் அரண்மனைக்குச் சென்ற காணிக்கையைக் கண்டு மகிழ்ந்த பேரரசி, தம் கையால் இரண்டு எழுத்துகளை எழுதிக் கொடுத்தார். கணவருக்குச் செல்வநலம் என்னும் பொருளுடைய ‘ஃபூ’; மனைவிக்கு நெடுவாழ்வு என்னும் பொருளுடைய ‘ஷோ’. அன்றிலிருந்து யுன்ஜி, ஷென் ஷோ ஆனார். நெடுவாழ்வு என்னும் பெயரைத் தாங்கியவர் 1921இல், ஐம்பதை எட்டும் முன்பே, மறைந்தார்.

அரசு இத்தம்பதியரை ஜப்பானுக்கு அனுப்பியது. அங்குள்ள தையற் கல்வியைக் கண்டு வருமாறு பணித்தது. ஷென் ஷோ அங்கே ஜப்பானியப் பூத்தையலோடு நிழற்படத்தையும் மேலைநாட்டு ஓவிய முறையையும் கூர்ந்து நோக்கினார். அவர் கலையின் திருப்பம் இங்கேதான் நிகழ்ந்தது. அது என்னவென்று சற்று நின்று பார்க்க வேண்டும்.

மரபுவழிப் பூத்தையலில் ஓர் இதழுக்கு அடர்நிறம் எங்கே, வெளிர்நிறம் எங்கே என்பது முன்பே வகுக்கப்பட்டது. ஒளி எத்திசையிலிருந்து விழுகிறது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. நிழற்படத்தில் உள்ள முகத்திலோ எல்லைக்கோடு இல்லை. ஒளியும் நிழலுமே உள்ளன. கன்னம் எங்கே முடிந்து காதோரம் எங்கே தொடங்குகிறது என்பதை நிழலின் படிநிலையே சொல்கிறது. இதை நூலால் எப்படிச் சொல்வது? பட்டிழைக்கு ஓர் இயல்பு உண்டு. ஒரே நிற இழையைக் கிடையாகத் தைத்தால் ஒரு சாயலும் சாய்வாகத் தைத்தால் வேறொரு சாயலும் தோன்றும். ஒளி அதன்மேல் பட்டுத் திரும்பும் கோணம் மாறுவதே காரணம். சூசோவில் ஒரு தையல் நூலைப் பதினாறு இழைகளாகப் பிரிக்கும் வழக்கமும் இருந்தது. ஷென் ஷோ இவ்விரண்டையும் பயன்கொண்டார். தசையின் வளைவு செல்லும் வழியே ஊசியைத் திருப்பினார்; நிறங்களை நுண்ணிழைகளாகக் கலந்து படிப்படியாக நிழலை உண்டாக்கினார். இம்முறைக்கு மெய்போன்ற தையல் என்று பொருள்படும் பெயர் அமைந்தது. இத்தாலிய அரசி எலெனாவின் உருவத்தை இம்முறையில் தைத்தார். 1911இல் டூரின் உலகக் கண்காட்சியில் அது உயர் பரிசு பெற்றது. அவர் தைத்த இயேசுவின் உருவம் 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் பரிசு பெற்றது.

கண்டவர்கள் வியந்தது எதனை? அது தையலெனத் தெரியவில்லை என்பதை. ஊசி போன தடமே தோன்றாமல் மறைவதுதான் அன்றைய புதுமை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். நூறாண்டு கழித்து இக்கருத்து தலைகீழாவதைப் பின்னர்க் காண்போம்.

மன்னராட்சி வீழ்ந்தபின் பெய்ஜிங்கில் ஷென் ஷோ கற்பித்துவந்த அரசுப் பள்ளியும் இல்லாமற்போயிற்று. 1914இல் ஜாங் ஜியான் அவரை நான்டோங் நகருக்கு அழைத்தார். ஜாங் ஜியான் 1894இல் அரசுத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்றவர்; பின்னர்ப் பதவியை நாடாமல் பருத்தி நூற்பாலை நிறுவியவர். இயந்திர நூலால் பொருளீட்டிய ஒருவர் கைத்தையலைக் காக்க முன்வந்ததை முரண் என்று சிலர் கருதலாம். தொழில் எவ்வளவு விரைவில் அழியும் என்பதை ஆலை முதலாளி அறிந்த அளவுக்கு வேறு யார் அறிவார்? அவர் நிறுவிய பெண்கள் கைத்தொழிற் பள்ளியின் பூத்தையல் கல்வி ஷென் ஷோவின் பொறுப்பில் விடப்பட்டது.

அங்கே ஷென் ஷோ நோயுற்றார். இக்கலை அவரோடு மறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் ஜாங் ஜியான் அவரைச் சொல்லச் சொல்லி எழுதத் தொடங்கினார். இவர் கேட்பார், அவர் விடை கூறுவார், எழுதியதை மீண்டும் கேட்டுத் திருத்துவார். இவ்வாறு உருவாகி 1919இல் அச்சேறிய நூல்தான் ‘ஷுவேயீ ஷியூபூ’, அதாவது ஷுவேயீயின் பூத்தையல் நூல். ஷுவேயீ என்பது ஷென் ஷோவின் புனைபெயர். இதன் இரண்டாம் எழுத்து, அறையின் வடகிழக்கு மூலையைக் குறிக்கும் அரிய எழுத்து. அரசு அலுவலரைக் குறிக்கும் வேறோர் எழுத்தோடு அது மிகவும் ஒத்திருப்பதால், ‘ஷுவேஹுவான்’ என்று பிழையாக எழுதும் நூல்கள் இன்றும் பல. பெயரைக் காக்க எழுந்த நூலின் பெயரே பிழைபட வழங்குவது எமக்குச் சற்று வருத்தம் தருவது.

நூல் எட்டு இயல்களைக் கொண்டது. கருவிகளும் சட்டமும் முதலில் வருகின்றன. அடுத்துத் துணியை இழுத்துக் கட்டி வரைவது. அதன்பின் தையல் முறைகள். பதினெட்டு முறைகள் பெயரோடு விளக்கப்படுகின்றன. அதுவரை இப்பெயர்கள் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறுபட்டிருந்தன. பலவற்றிற்குப் பெயரே இல்லை, தாய் செய்துகாட்ட மகள் செய்தாள். இப்போது ஒவ்வொரு முறையும் அடுத்ததிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்று சொல்லப்பட்டது. இந்த ஊசி எங்கே நுழைகிறது, எங்கே வெளிவருகிறது, முந்தைய தையலின் எவ்விடத்தில் தொடங்குகிறது என்னும் வேறுபாடுகளால் ஒரு கலை முழுவதையும் வகைப்படுத்தியிருக்கும் இவ்வியலைப் படிக்கும்போது, ஒலியன்களை வகுக்கும் மொழியியல் பாடம் எம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. பின்வரும் இயல்களில் தைப்பவரின் ஒழுக்கமும் உடல்நலமும்கூட இடம்பெறுகின்றன: எவ்வாறு அமர்வது, எப்போது ஓய்வது, கண்ணை எவ்வாறு காப்பது. நோயாளி ஒருவர் சொல்லி எழுதிய பகுதி அது என்பதை மறக்கலாகாது.

முன்னுரையில் ஜாங் ஜியான் ஓர் உண்மையை ஒளிவின்றிக் கூறுகிறார். எழுத்து முழுவதும் தம்முடையது. கருத்து முழுவதும் ஷென் ஷோவுடையது என்பதே அதன் சாரம். நாட்டின் முதல் தேர்வாளர் ஒரு தையற்பெண்ணின் மாணவராய் அமர்ந்து எழுதியதாக அச்சில் ஒப்புக்கொண்டார். அவர்களிடையே இருந்த நட்பைப் பற்றி அக்காலத்தில் பல பேச்சுகள் உண்டு. அவர் மறைந்தபின் கணவர் யூ ஜுவே கசப்போடு எழுதி வெளியிட்டதும் உண்டு. அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. நூலின் தலைப்பில் அவர் பெயர் நிற்கிறது என்பதே ஈண்டு நமக்கு வேண்டுவது.

இவ்விடத்தில் எம் குறையொன்றையும் சொல்லியாக வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கைத்தொழில் வழக்குச் சொற்களைத் தொகுத்தபோது முதிய தையற்காரம்மா ஒருவரிடம் பல நாள் அமர்ந்து கேட்டோம். அகராதி எதிலும் காணாத சொற்களை அவர் தந்தார். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவரைத் ‘தகவலாளி 7’ என்று குறித்தோம். துறையின் வழக்கம் அதுவாகவே இருந்தது. அதனைத் தவறென எவரும் சொல்லவில்லை, நாமும் எண்ணவில்லை. கட்டமைக்கப்பட்ட ஆய்வேட்டை அவரிடம் காட்டியபோது, “என் பேர் எங்க இருக்கு, தம்பி?” என்று கேட்டார். ஏழாம் எண்ணைச் சுட்டிக்காட்டினோம். அவர் அந்த எண்ணைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, தேநீர் போட எழுந்து சென்றார். ஷென் ஷோவின் நூலைப்பற்றி முதன்முதலாகப் படித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. அம்மா அப்போது உயிரோடில்லை.

வரலாற்றுக்குத் திரும்புவோம். ஷென் ஷோவுக்கு அடுத்த தலைமுறையில் யாங் ஷோயூ தோன்றினார். 1896இல் பிறந்த இவர் ஓவியக் கல்வி பெற்றவர். ஓவியர் லூ ஃபெங்ட்சி டன்யாங் நகரில் நடத்திய ஜெங்ட்ஸெ பள்ளியில் ஆசிரியராக இருந்தார். ஊசியைத் தூரிகையாகக் கொண்டால் என்ன என்பது இவரது கேள்வி. சூசோ மரபில் இழைகள் ஒன்றையொன்று தொட்டபடி ஒழுங்காக, இணையாக அமையும். யாங் ஷோயூ அவ்வொழுங்கைக் கலைத்தார். நெடிதும் குறிதுமான தையல்களைக் குறுக்கும் நெடுக்குமாக இட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு நிரப்பினார். அருகே நின்று பார்த்தால் சிக்கல். சில அடி விலகி நின்றால் உருவம். நெய்வண்ண ஓவியம் தீட்டுவோர் நிறத்தின்மேல் நிறம் இடுவதை இங்கே நூல் செய்தது.

இம்முறைக்கு அவர் பெயரால் யாங் தையல் என்று பெயரிட லூ ஃபெங்ட்சி விரும்பினார். யாங் ஷோயூ ஒப்பவில்லை. பள்ளியின் பெயரால் ஜெங்ட்ஸெ தையல் என்றானது. காலப்போக்கில் அப்பெயரும் பின்தள்ளப்பட்டு, ஒழுங்கற்ற ஊசித்தையல் என்னும் பொருளுடைய பெயரே மக்களிடம் நிலைத்தது. கடும் ஒழுங்கோடு கற்பிக்கப்படும் ஒரு முறைக்குக் குழப்பம் என்று பொருள்படும் சொல் பெயரானது மொழியின் விளையாட்டு. அவருடைய மாணவி ரென் ஹுய்ஷியன் இதனைச் சூசோவுக்குக் கொண்டுசென்று மேலும் வளர்த்தார்.

1957இல் சூசோ பூத்தையல் ஆய்வு நிறுவனம் அமைந்தது. அதன்பின் வந்த காலத்தை விரைந்து கடக்கலாம். அங்குச் செய்யப்பட்ட இருபக்கப் பூனைகளையும் பொன்மீன்களையும் நினைவுப்பொருள் கடைகளில் அனைவரும் கண்டிருப்பீர்கள். மெல்லிய துணியின் இருபுறமும் முடிச்சே தெரியாமல் ஒரே உருவம் அமைவது, பின்னர் இருபுறமும் வெவ்வேறு நிறமாய் அமைவது என்று திறன் உச்சத்தைத் தொட்டது. கேட்கப்பட்ட கேள்வி மட்டும் ஷென் ஷோ காலத்துக் கேள்வியே: எவ்வளவு மெய்போல் இருக்கிறது? வண்ண நிழற்படம் மலிந்த நாளில் அக்கேள்விக்கு முன்போல் மதிப்பு இருக்க இயலாது. 2006இல் சீனா வெளியிட்ட தேசிய மரபுச்செல்வங்களின் முதற்பட்டியலில் சூசோ, ஹூனான், குவாங்டோங், சிச்சுவான் பூத்தையல்களும் கூ பூத்தையலும் இடம்பெற்றன. தாய் ஏரிக்கரையில் உள்ள ஜென்ஹூ ஊரில் 8,000 பெண்கள் ஊசியால் வாழ்வதாகச் சொல்வது வழக்கம். ஆனால் கணினி இயக்கும் தையற்பொறி ஒரு பியோனி மலரைச் சிறிது நேரத்தில் முடித்துவிடுகிறது. வாங்குவோரில் பலருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

இச்சூழலில்தான் நவீன வடிவமைப்பாளர்கள் வந்தனர். 2019இல் சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் குவோ பெய்யின் ஆடைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2015இல் நியூயார்க் விழாவில் பாடகி ரிஹானா அணிந்துவந்த மஞ்சள் மேலங்கியால் உலகறிந்தவர் குவோ பெய். தரையில் நெடுந்தொலைவு பரந்து கிடக்கும் அவ்வாடையின் தையலுக்கு ஏறத்தாழ 50,000 மணிநேரம் ஆனதாகக் கூறப்படுகிறது. அந்த எண்ணைப் படித்ததும் எமக்கு நேரம் தோன்றவில்லை; கைகள் தோன்றின. நாளுக்கு எட்டு மணிநேரம் தைக்கும் ஒருத்திக்கு அது ஓய்வுநாளே இல்லாத பதினேழு ஆண்டு. பல பெண்கள் பங்கிட்டுக்கொண்டதால் அது இரண்டாண்டளவில் முடிந்தது. அவ்வாடையை உலகம் வடிவமைத்தவர் பெயராலும் அணிந்தவர் பெயராலும் அறியும். குவோ பெய் தம் பணிமனையில் நூற்றுக்கணக்கானோருக்கு இத்தொழிலைக் கற்பித்து வாழ்வளித்தவர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மவாங்துய் மூங்கிற்பட்டியலை அவ்வரங்கில் நாம் நினைத்துக்கொண்டது உண்மை.

வேறொரு வழியும் உண்டு. ஜென்ஹூவைச் சேர்ந்த யாவ் ஹுய்ஃபென் அத்தகைய வழியில் சென்றவர். சோங் காலத்து ஓவியர் லீ சோங் வரைந்த சிறு ஓவியம் ஒன்று உண்டு: பெரிய எலும்புக்கூடு ஒன்று சிறிய எலும்புக்கூட்டுப் பொம்மையைக் கயிற்றால் ஆட்டுகிறது, குழந்தையொன்று அதை நோக்கித் தவழ்ந்துவருகிறது. இவ்வோவியத்தைக் கலைஞர்களோடு இணைந்து தையலாக்க முற்பட்டபோது, அதைப் பார்த்தபடியே பெயர்க்கும் பழைய வேலையை யாவ் ஹுய்ஃபென் செய்யவில்லை. ஒரே உருவத்தைப் பல துணிகளில், ஐம்பதுக்கும் மேற்பட்ட தையல் முறைகளை மாற்றி மாற்றி இட்டுத் தைத்தார். எலும்பு ஓரிடத்தில் இணைத்தையல், வேறோரிடத்தில் யாங் ஷோயூவின் குறுக்குத்தையல். பார்ப்பவர் கண் உருவத்தைக் கடந்து ஊசி போன தடத்தில் நிற்கிறது. ஷென் ஷோ மறைக்க முயன்ற தடம் இங்கே கலையின் பொருளாகவே ஆகிவிட்டது. ஷென் ஷோவிடம் பதினெட்டாக இருந்த முறைகள் எவ்வாறு ஐம்பதைத் தாண்டின என்று மாணவர்கள் கேட்கலாம். சில புதியவை, சில, முன்னர் ஒரே பெயரில் அடங்கியிருந்து பின்னர்த் தனித்தனிப் பெயர் பெற்றவை. அவற்றை எண்ணிக் காட்ட முடிவதே 1919இல் தொடங்கிய பெயரிடும் பணியால்தான்.

இத்தையல்கள் 2017இல் வெனிஸ் கலைத் திருவிழாவின் சீன அரங்கில் வைக்கப்பட்டன. அவ்வரங்கின் கலைஞர் பட்டியலில் நான்கு பெயர்கள் இருந்தன. டாங் நன்னான், வூ ஜியானான் ஆகிய இருவர் இக்காலக் கலைஞர்கள். வாங் டியன்வென் தோற்பாவை செதுக்குபவர். நான்காவது பெயர் யாவ் ஹுய்ஃபென். தொழில் என்னும் இடத்தில் பூத்தையல்.